ஓர் ஓவியமும் ஒரு பெயரும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். கல்வியின் சிறப்பை இச்சங்கத்தாருக்கு எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். ஆகவே, அவர்களுடைய இசைவைப் பெற்று, ஒரே ஓர் ஓவியத்தைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். பேச்சு முடியும்போது அதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே என்பதை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

அவ்வோவியத்தின் அச்சுப்படி ஒன்று இம்மேடையில் வைக்கப்பட்டிருக்கிறது. பின் வரிசையில் அமர்ந்திருப்போருக்கும், இவ்வுரையைப் பின்னர் மலரில் படிக்கப்போகிறவர்களுக்கும் அதன் தோற்றத்தைச் சொற்களால் கூறுகிறேன்.

ஒரு கறுப்பினப் பெண்மணி சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். உடல் சற்றே பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. முகம் மட்டும் நம்மை நோக்கியிருக்கிறது. தலையில் வெண்ணிறத் துணியை அழகுறச் சுற்றிக் கட்டியிருக்கிறார். காதில் பொன் வளையம் மின்னுகிறது. உடுத்தியிருப்பது வெள்ளாடை. இடையில் சிவப்பு நாடா. நாற்காலியின்மீது நீலத் துணி கிடக்கிறது. பின்புலத்தில் மரமில்லை, மாளிகையில்லை, திரைச்சீலையும் இல்லை. வெறும் வெளிறிய சுவர்தான். பார்ப்பவரின் கண் வேறெங்கும் ஓட வழியில்லாமல் அந்த முகத்திலேயே வந்து நிற்கிறது. அம்முகத்தில் புன்னகை இல்லை, கெஞ்சுதலும் இல்லை. நம்மை நேருக்கு நேர் பார்க்கும் அமைதியான பார்வை ஒன்றுதான் இருக்கிறது.

இது எண்ணெய் வண்ணத்தில் வரையப்பட்டது. உயரம் 81 சென்டிமீட்டர், அகலம் 65 சென்டிமீட்டர். வரையப்பட்ட ஆண்டு 1800. இன்று பாரிசு நகரத்து லூவ்ர் அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது.

எண்ணெய் வண்ணம் மெல்ல உலரும் தன்மையது. ஆதலின் ஒரு நிறத்தோடு மற்றொரு நிறத்தைக் குழைத்து இணைப்பதற்கும், மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று பூசுவதற்கும் ஓவியருக்குப் போதிய நேரம் கிடைக்கிறது. உள்ளதை உள்ளவாறு காட்ட விரும்பிய ஐரோப்பிய ஓவியர்கள் இவ்வண்ணத்தைப் பெரிதும் நாடியதற்கு இதுவே காரணம். இப்படத்தில் தோளையும் நெற்றியையும் உற்று நோக்குங்கள். கருமை என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதனுள் செம்மையும் பழுப்பும் பொன்னொளியும் கலந்திருப்பதைக் காண்பீர்கள். கறுத்த மேனியில் அழகில்லை என்று சொல்லிக்கொடுத்த உலகில், அம்மேனியை இவ்வளவு பொறுமையோடு ஒருவர் பார்த்து வரைந்திருக்கிறார் என்பதே முதற்கண் நாம் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

இரண்டாவது செய்தி, அவர் அமர்ந்திருப்பது. அக்காலத்து ஐரோப்பாவில் தம் உருவத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டச் செய்தவர்கள் அரசர்கள், பிரபுக்கள், பெருவணிகர்கள், அவர்தம் மனைவியர் ஆகியோரே. கறுப்பின மக்கள் அத்தகைய படங்களில் இடம்பெற்றதே இல்லையா என்றால், இடம்பெற்றார்கள். எப்படி? சீமாட்டியின் பின்னே குடை பிடித்தபடி, பழத்தட்டு ஏந்தியபடி, படத்தின் ஓரத்தில் நின்றபடி. எசமானியின் வெண்மையை எடுத்துக்காட்டுவதற்குரிய நிழலாகவே அவர்கள் வைக்கப்பட்டனர். இப்படத்திலோ எசமானி இல்லை. பணி செய்தவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். நம் ஊர்களில் நாற்காலியில் அமர்வது என்பதற்கு என்ன பொருள் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊராட்சி மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்பும் நாற்காலி மறுக்கப்பட்டவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள்.

இனி, இதனை வரைந்தவர் யார் என்பதைக் காண்போம். அவரும் ஒரு பெண்மணியே. மாரி கியேமின் பெனுவா என்பது அவர் பெயர். 1768-ஆம் ஆண்டு பிறந்து 1826-ஆம் ஆண்டு மறைந்தவர். தாவீது என்னும் புகழ்பெற்ற ஓவியரிடம் பயின்றவர். பிரெஞ்சு அரசின் ஓவியக் கழகத்தில் ஒரே காலத்தில் நான்கு பெண்களுக்கு மேல் உறுப்பினராக இருத்தல் கூடாது என்ற விதி அவருடைய இளமைக் காலத்தில் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1791-இல்தான் அரசின் பெருங்கண்காட்சி எல்லா ஓவியர்க்கும் திறந்துவிடப்பட்டது. அவ்வாறு திறந்த கதவின் வழியே நுழைந்தவர்களுள் பெனுவாவும் ஒருவர். இப்படத்தை 1800-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைத்தார். பிற்காலத்தில் அவருடைய கணவருக்கு அரசில் உயர்பதவி வாய்த்தபோது, பதவியிலிருப்பவரின் மனைவி பொதுக்கண்காட்சியில் படம் வைப்பது தகாது என்று கருதப்பட்டமையால், தம் கலைவாழ்வையே அவர் விட்டுவிட நேர்ந்தது. ஆகவே பெண் என்பதால் வரும் தடை எத்தகையது என்பதை ஓவியரும் அறிந்தவரே.

படத்தின் ஓரத்தில் அவர் தம் பெயரை எழுதியிருக்கிறார். பிறந்த வீட்டின் பெயரையும் புகுந்த வீட்டின் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். தம்மை உலகம் மறந்துவிடலாகாது என்று எண்ணியிருப்பார் போலும். ஆனால் அமர்ந்திருப்பவரின் பெயர் எங்கே? கண்காட்சிப் பட்டியலில் அப்படத்திற்கு இடப்பட்ட தலைப்பு, ‘ஒரு நீக்ரோப் பெண்ணின் உருவப்படம்’ என்பதாகும். அவ்வளவே. வரைந்தவருக்கு இரண்டு பெயர்கள். வரையப்பட்டவருக்கு ஒன்றும் இல்லை. இனத்தின் பெயரே அவர் பெயராக வைக்கப்பட்டது.

அவையோரே! இவ்வோவியத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தாய்மார்கள் நிறைந்த அவையில் அதனைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அதனை மறைத்தால் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். வெள்ளாடை தோளிலிருந்து நழுவியிருக்க, அப்பெண்மணியின் மார்பு ஒன்று மறைப்பின்றிக் காட்டப்பட்டிருக்கிறது. சுதந்திரத்தைப் பெண்ணுருவாக வரையும்போது அவ்வாறு வரைவது பிரெஞ்சு நாட்டு மரபு. நீலமும் வெண்மையும் சிவப்பும் புரட்சிக் கொடியின் நிறங்கள். எனவே விடுதலையின் அடையாளமாகவே ஓவியர் இவரை வரைந்தார் என்று கூறும் அறிஞர்கள் உண்டு. தம் உருவத்தை வரையுமாறு பணம் கொடுத்துக் கேட்ட எந்தச் சீமாட்டியையும் பெனுவா இவ்வாறு வரையத் துணிந்திருக்கமாட்டார். அடிமைச் சந்தையில் நிறுத்தப்பட்ட பெண்களின் நிலையையே இது நினைவூட்டுகிறது என்று கூறும் அறிஞர்களும் உண்டு. அப்பெண்மணியை ஒருவரும் கேட்டதாகப் பதிவில்லை. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்காகப் பல ஆண்டுகள் போராடி, 1859-ஆம் ஆண்டுதான் அரசாணை பெற்றார்கள் என்பதை அறிந்த நாம், ஆடை என்பது அற்பச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே மாணவர்களே, இத்தகைய படத்தை நாம் எப்படிப் பார்ப்பது? நம்மைப் போன்ற ஒருவரை நாற்காலியில் அமர்த்திவிட்டார்கள் என்று நன்றியில் உருகிவிடுவதும் சரியன்று. மேல்தட்டினர் வரைந்ததெல்லாம் பொய் என்று சினந்து கிழித்தெறிவதும் சரியன்று. கொடுத்தது என்ன, கொடாமல் விட்டது என்ன என்று இரண்டையும் கணக்குப் பார்க்க வேண்டும். அவ்வாறு கணக்குப் பார்க்கும் ஆற்றலைத்தான் கல்வி தருகிறது.

இப்படம் பிறந்த காலத்தைச் சற்றுத் தெரிந்துகொள்வோம். பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்துத் தீர்மானம் இயற்றிற்று. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய குவாதலூப்பில் அத்தீர்மானம் அவ்வாண்டே செயலுக்கு வந்தது. நம் படத்திலுள்ள பெண்மணி, ஓவியருடைய கணவரின் உடன்பிறந்தார் குடும்பத்தோடு அத்தீவிலிருந்து பாரிசுக்கு வந்த பணிப்பெண் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். ஆக, அவர் அந்த நாற்காலியில் அமர்ந்தபோது சட்டப்படி அடிமையல்லர்.

ஆனால் அச்சட்டம் எத்தனை நாள் நின்றது? 1802-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் நெப்போலியனின் அரசு வேறொரு சட்டம் இயற்றிற்று. அவ்வாண்டிலேயே குவாதலூப்பில் அடிமை முறை திரும்பவும் வந்து சேர்ந்தது. எட்டே ஆண்டுகளில் கொடுத்த கையே பறித்துக்கொண்டது. எதிர்த்துப் போரிட்ட தெல்கிரே என்னும் படைத்தலைவரும் அவரைச் சேர்ந்த ஏறத்தாழ 300 பேரும், சரணடைவதைவிடச் சாவதே மேல் எனத் துணிந்து, 1802 மே 28-இல் மத்துபா என்னுமிடத்தில் வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்டனர். அப்போராட்டத்தில் பங்கேற்ற சொலித்யூத் என்னும் பெண்மணி அப்போது கருவுற்றிருந்தார். பிள்ளை பிறக்கும்வரை காத்திருந்து, பிறந்த மறுநாள், 1802 நவம்பர் 29-இல் அவரைக் கொன்றார்கள். அடிமை முறை முற்றாக ஒழிவதற்கு 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 27 வரை மக்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரண்டு பெண்கள். இருவரும் ஒரே தீவோடு தொடர்புடையவர்கள், ஒரே காலத்தவர்கள். சொலித்யூத்துக்குப் பெயர் எஞ்சியிருக்கிறது. அவர் வாழ்ந்த காலத்தில் வரைந்த படம் இல்லை. நம் படத்திலுள்ளவருக்கு முகம் எஞ்சியிருக்கிறது, பெயர் இல்லாமற்போயிற்று. ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் அரையும் குறையுமாக நம் கைக்கு வந்து சேருகிறது. 1802-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நாம் கற்க வேண்டிய பாடமும் உண்டு. ஓர் ஆணையால் வந்த உரிமை இன்னோர் ஆணையால் போகவும் கூடும். அதனைக் காப்பவர்கள் விழித்திருக்க வேண்டும். ஆணையைப் படிக்கத் தெரிந்தவர்களாகவும் இருக்க வேண்டும்.

கடல் கடந்த தீவின் கதை நமக்கு எதற்கு என்று யாரேனும் கேட்கலாம். அத்தீவுக்கும் நமக்கும் உறவு உண்டு. அடிமைகள் விடுதலை பெற்றபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களின் வழியே ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களை ஏற்றிச் சென்றார்கள். அவ்வாறு இந்தியர்களை ஏற்றிச் சென்ற முதற்கப்பல் 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 24-இல் குவாதலூப்பை அடைந்தது. 1889-ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 42,000 பேர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட நம்மவரும் அவர்களுள் இருந்தனர். அக்கூலிகளின் மரபில் 1863-இல் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். இந்திய வம்சத்தாரின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1904-இல் அவர் வழக்காடத் தொடங்கினார். 1923-இல்தான் அவர்களுக்குக் குடியுரிமை உறுதியாயிற்று. ஒரு பட்டியலில் பெயர் ஏறுவதற்கு 19 ஆண்டுகள்! பட்டியலில் ஒரு பெயர் இருப்பதும் இல்லாதிருப்பதும் சிறிய செய்தியா?

நம் முன்னோர் இந்த உறவை முன்பே உணர்ந்திருந்தார்கள். மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946-இல் கறுப்பினத் தலைவர் தூபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மக்களின் நிலையும் நம் மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார்.

மீண்டும் ஓவியத்திற்கு வருவோம். 1818-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசர் பதினெட்டாம் லூயிக்காக அது விலைக்கு வாங்கப்பட்டது. அன்று முதல் அது அரசின் செல்வம். எண்ணற்றவர்கள் அதன்முன் நின்று வியந்தார்கள். அப்பெண்மணியின் பெயர் மட்டும் வெளிவரவில்லை. பிற்காலத்தார் தலைப்பிலிருந்த இழிசொல்லை நீக்கி, ‘ஒரு கறுப்பினப் பெண்ணின் உருவப்படம்’ என்று மாற்றினார்கள். அது நாகரிகமான சொல்தான். ஆனாலும் அப்போதும் பெயர் இல்லை.

பின்னர் ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் துருவி ஆராய்ந்தார்கள். 2019-ஆம் ஆண்டு பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில், ஓவியர்களுக்கு முன்னிருந்த கறுப்பின மக்களைப் பற்றியே ஒரு கண்காட்சி நடைபெற்றது. அதில் இப்படத்தின் கீழ் ‘மதலேனின் உருவப்படம்’ என்று எழுதப்பட்டது. மதலேன்! வரையப்பட்டு 219 ஆண்டுகள் கழித்து அவருக்குப் பெயர் கிடைத்தது. அதுவும் ஒற்றைப் பெயர்தான். ஆயினும் இனத்தின் பெயரன்று, அவருடைய பெயர். அக்கண்காட்சியில் அவர் ஒருவருக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. மனே என்னும் ஓவியர் 1863-இல் வரைந்த புகழ்மிக்க படம் ஒன்றில், மலர்க்கொத்து ஏந்தி நிற்கும் பணிப்பெண்ணின் பெயர் லோர் என்பதும் அங்கே எடுத்துரைக்கப்பட்டது. அவர் பெயர் எப்படித் தெரிந்தது தெரியுமா? ஓவியர் தம் குறிப்பேட்டில் பெயரையும் தெருவையும் கதவு எண்ணையும் எழுதிவைத்திருந்தார். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிதான் ஒரு பெண்ணை மறதியிலிருந்து மீட்டது.

நம் நாட்டு நிலை என்ன? தமிழ்நாட்டில் நிலத்தோடு மனிதரையும் விற்ற அடிமை ஓலைகள் கிடைத்திருக்கின்றன. அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை இல்லை என்று 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் கூறிற்று. அதன்பின்னும் நம்மவரைத் தனித்தனி மனிதராகப் பார்க்கும் பழக்கம் எளிதில் வரவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். நம் மக்களின் தலையையும் மூக்கையும் அளவெடுத்தார், புகைப்படங்களையும் சேர்த்தார். அப்படங்களுள் பெரும்பாலானவற்றின் கீழே இருப்பது சாதியின் பெயர்தான், ஆளின் பெயரன்று. மதலேனுக்கு 1800-இல் நேர்ந்தது நம் பாட்டன் பாட்டியர்க்கு 1909-இல் நேர்ந்தது.

இளைஞர்களே! பிறர் எழுதாமல் விட்டதைப் பற்றி இதுவரை பேசினேன். நாம் எழுதாமல் விட்டுக்கொண்டிருப்பதைப் பற்றி இனிப் பேச வேண்டும். பள்ளிப் பதிவேடுகளோடு வாழ்ந்துவருகிறவன் நான். பிள்ளைகளிடம் தந்தையின் பெயரைக் கேட்டால் உடனே சொல்கிறார்கள். தாயின் பெயரையும் சொல்கிறார்கள். பாட்டியின் பெயரைக் கேட்டால் பலர் ‘ஆயா’ என்கிறார்கள். ஆயாவுக்கு என்ன பெயர் என்றால் விழிக்கிறார்கள். அந்த ஆயாதான் நாற்று நட்டும் களை எடுத்தும் அப்பிள்ளையின் தந்தையைப் படிக்க வைத்திருப்பார். இச்சங்கம் பிறந்த காலத்தில் பிடியரிசி எடுத்துவைத்துக் கொடுத்தவர்களும் அத்தகைய தாய்மார்களே. அவர்களுள் எத்தனை பேருடைய பெயர் நம் குறிப்பேட்டில் முழுமையாக இருக்கிறது? இதனைக் குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. இன்னும் காலம் இருக்கிறது என்பதற்காகக் கேட்கிறேன்.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தம் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில் ஆகியவற்றைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அந்நோட்டின் படி ஒன்றைச் சங்கத்தில் வையுங்கள்.

இரண்டாவது, வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் படத்தில் இருப்போரின் பெயர்களையும் ஆண்டையும் எழுதுங்கள். மையால் எழுதினால் முன்புறம் ஊறிவிடும். மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். இன்று கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறீர்கள். கைப்பேசி பழுதானால் படமும் போகும். படம் பிழைத்தாலும், பெயர் எழுதப்படாவிட்டால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது யாரோ ஒருவரின் படமாகிவிடும்.

மூன்றாவது வேண்டுகோளைச் சங்கத்தாருக்கு வைக்கிறேன். இம்மன்றத்துச் சுவரில் நம் தலைவர்களின் படங்கள் இருக்கின்றன. அவை என்றும் இருக்கட்டும். அவற்றோடு, இச்சங்கத்திற்கு உழைத்த மூத்த தாய்மார் சிலரின் உருவங்களையும் நல்ல ஓவியர் ஒருவரைக் கொண்டு வரையச் செய்யுங்கள். நம் பிள்ளைகளிலேயே ஓவியம் பயில்வோர் இருப்பின் அவர்களையே வரையச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று. வரையுமுன் அவர்களைக் கேளுங்கள். ‘ஆயா, எங்கே உட்கார உங்களுக்கு விருப்பம்? எந்தப் புடவையை உடுத்திக்கொள்வீர்கள்? கையில் என்ன இருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்பார்களாயின் விட்டுவிடுங்கள். மதலேனிடம் கேட்கப்படாத கேள்வியை நாம் நம் தாய்மாரிடம் கேட்போம். படம் முடிந்ததும் அதன் கீழே, வரைந்தவரின் பெயருக்கு மேலாக, அமர்ந்திருப்பவரின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள்.

இங்கே வந்திருக்கும் தாய்மார்களில் பெரும்பாலோர் இன்று வீடு திரும்பியவுடன் அடுப்பு மூட்டுவார்கள். பிள்ளைகளே, அப்போது அருகில் அமர்ந்து முதல் பெயரைக் கேட்டு எழுதத் தொடங்குங்கள்.